தர்ஸ்லி காமனுக்கு ஒரு நாள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்.

ஜூலையில் லண்டன் வருவதாக எழுதியிருந்தாய். மியூசியம், அரண்மனையெல்லாம் பிள்ளைகளோடு பார்த்துக்கொள். ஒரு நாளை எனக்குக் கொடு. சர்ரேயில் தர்ஸ்லி காமன் என்றொரு இடம், உன்னைக் கூட்டிப்போயே ஆகவேண்டும்.

முதல் பார்வைக்குப் பொட்டல் காடுதான். மணல், ஹெதர் புதர், நடுவே கறுத்த தண்ணீர் தேங்கிய சதுப்பு. மண்ணில் சத்து கிடையாது. அதனால்தான் அங்கே அழுகண்ணிச் செடி பூச்சி பிடித்துத் தின்கிறது. போன வாரம் மரப்பாதையில் குனிந்து பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தளவு இலை. சிவந்த மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுப் பசை. ஒரு ஊசித்தட்டான் ஒட்டிக்கொண்டு, ஒற்றை இறக்கையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. 1860 கோடையில் டார்வின் பக்கத்து சசெக்ஸில் இந்தச் செடியைப் பார்த்துத்தான் இதன் ஆராய்ச்சியிலேயே இறங்கினார்.

தட்டான்களில் மட்டும் 20 வகைக்கு மேல் உண்டு. அவற்றுக்காகவே ஆப்பிரிக்காவிலிருந்து ஹாபி என்ற சிறு வல்லூறு வருகிறது. பறந்தபடியே காலால் பிடித்து, பறந்தபடியே தின்கிறது. பிய்த்துப் போட்ட இறக்கை சுழன்று கீழே விழுவதை அண்ணாந்து பார்க்கலாம்.

2020 மே மாத இறுதியில் பெருந்தீ பிடித்துப் பாதி இடம் கரிக்காடாகிவிட்டது என்று அப்போதே எழுதினேனே, நினைவிருக்கிறதா? மரப்பாதையும் எரிந்தது. திரும்பப் போட்டுவிட்டார்கள். ஆனால் மணல் பல்லிகளை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. முட்டையிட வெயில் படும் வெறும் மணல் வேண்டும், ஒளிய முற்றிய ஹெதர் வேண்டும். மணல் மிஞ்சியது, ஹெதர் முற்றப் பல வருஷம் பிடிக்கும்.

மாலையில் கிளம்பிவிடலாம் என்று சொல்லாதே. பொழுது சாய்ந்த பிறகுதான் பக்கி என்ற இரவுப் பறவை கத்தும். தூரத்தில் யாரோ நிறுத்தாமல் தையல் மிஷின் ஓட்டுவதுபோல இருக்கும். அது தலையைத் திருப்பும்போது சத்தம் ஏறி இறங்கும். கூடு கட்டாமல் தரையிலேயே முட்டையிடும் பறவை, அதனால் பாதையை விட்டு இறங்கக்கூடாது.

முழுக்கால் சட்டையும் மூடிய ஷூவும் போட்டுக்கொள், உண்ணி உண்டு. காற்றில்லாத, வெக்கையான நாளாகப் பார்த்துப் போவோம். டிக்கெட் போட்டதும் தேதி எழுது.

அன்புடன்,
ரகு