‘ஜி.ஐ. போல்ட்’ என்றால் எத்தனை மைக்ரான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மொட்டைமாடியில் தகரக் கூரை போடுபவர்கள் கடையில் ‘ஜி.ஐ. போல்ட்’ (கால்வனைஸ்டு அயர்ன், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கிய இரும்பு) என்று கேட்டால், பளபளப்பான போல்ட்டைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பே அது ஜி.ஐ. அல்ல என்பதற்கு அடையாளம். சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட் மங்கிய சாம்பல் நிறத்தில், மரைகளில் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும்; 40, 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் ஏறியிருக்கும். கடையில் கிடைப்பது ஜிங்க் பிளேட்டிங், அதாவது தொட்டியிலுள்ள கரைசலில் மின்சாரம் செலுத்தித் துத்தநாகத்தைப் படியவைக்கும் மின்முலாம். அதன் கனம் பெரும்பாலும் 5 முதல் 8 மைக்ரான். உப்புக்காற்று நேரடியாக அடிக்கும் கடலோரத்தில் துத்தநாகம் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை கரையும். மிச்சக் கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம்.

மின்முலாமிலும் எல்லாத் தொட்டியும் ஒன்றல்ல. அமிலக் குளோரைடு தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தில் 95 சதவீதத்துக்கு மேல் துத்தநாகமாகவே படிகிறது. ஒரு சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர் கொடுத்தால் 8 மைக்ரானுக்குக் கால் மணி நேரம் போதும். வேகமும் மினுமினுப்பும் உண்டு. ஆனால் மின்சாரம் குவியும் விளிம்பில் 12 மைக்ரான் ஏறும்போது மரையின் பள்ளத்தில் 4 கூட நிற்காமல் போகலாம். துரு அங்கேதான் தொடங்கும். சயனைடு இல்லாத காரத் தொட்டி மெதுவானது. அதில் மின்னோட்ட அடர்த்தி (ஒரு பரப்பில் பாயும் மின்சார அளவு) கூடக்கூடத் துத்தநாகம் படியும் திறன் குறைவதால், விளிம்புக்கு வரும் உபரி மின்சாரம் ஹைட்ரஜனாகக் கழிந்துவிடும். பூச்சு சீராகப் பரவும். ஆனால் வார்ப்பிரும்பில் காரத் தொட்டி எளிதில் பிடிக்காது. வார்ப்பிரும்பிலுள்ள கிராஃபைட்டின் மீது துத்தநாகத்துக்கு முன் ஹைட்ரஜனே வெளியேறும். பம்பு உறைகளுக்கு அமிலத் தொட்டியை நாடுவது இதனால்தான்.

அந்த ஹைட்ரஜன்தான் பெரிய வில்லங்கம். முலாமுக்கு முன் துருவை நீக்கும் பிக்கிளிங் அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் உருவாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும். மேலே படிந்த துத்தநாகம் அதை வெளியேற விடாது. 4.6, 8.8 தர போல்ட்டுகளுக்கு (எண் கூடக்கூட வலிமை கூடும்) இதனால் ஆபத்தில்லை. 12.9 தரம் போன்ற கடின எஃகு இதனால் நொறுங்கும் தன்மை பெற்று, சரியான முறுக்கில் இறுக்கிய பிறகும் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ தலை தெறித்து விழக்கூடும். அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற, முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி அடுப்பில் வைக்க வேண்டும். இவ்வளவு கடினமான எஃகுக்கு 8 மணி நேரமாவது தேவை. அதையும் பாசிவேஷனுக்கு, அதாவது துத்தநாகத்தின் மேல் துருத் தடுப்புப் படலம் ஏற்றுவதற்கு, முன்பே செய்தாக வேண்டும். அவசரத்தில் வரிசையை மாற்றி, மஞ்சள் பாசிவேஷன் கொடுத்தபின் சுடுகிறார்கள். 70 டிகிரியைத் தாண்டினாலே அந்தக் குரோமேட் படலம் நீரிழந்து வெடித்துவிடும். சுட்ட பலன் கிடைத்தாலும் துருத் தடுப்பு போய்விடுகிறது.

குளியலறைக் குழாயின் குரோமியத்தோடு இதை ஒப்பிடுவதும் தவறு. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். நிக்கல், குரோமியம் பூசிய இரும்பில் ஓர் ஊசித்துளை விழுந்தால் அடியிலுள்ள இரும்புதான் முதலில் அரிக்கும்.

போல்ட்டுகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1367-இல் மின்முலாமுக்குப் பகுதி 11, சூடாக முக்குவதற்குப் பகுதி 13 எனத் தனித்தனியே இருக்கின்றன. பெட்டியிலும் பில்லிலும் அந்தப் பகுதி எண், மைக்ரான், கடின போல்ட்டாக இருந்தால் சுட்டதா இல்லையா என்ற மூன்றையும் அச்சிடச் செய்ய வேண்டும். அதுவரை கடலோரக் கூரைக்குப் போல்ட் வாங்குபவர்கள் மங்கலானதையே கேட்டு வாங்கட்டும். நட்டையும் அதோடு சேர்த்தே வாங்க வேண்டும்: கனத்த பூச்சுக்காக அதன் மரையைச் சற்றுப் பெரிதாக வெட்டியிருப்பார்கள், சாதாரண நட்டு அந்தப் போல்ட்டில் ஏறாது.

இப்படிக்கு,
மேற்பூச்சுத் தொழில் அறிந்த வாசகர்கள்,
கோயம்புத்தூர்