முதலில் பயணப் பத்திரம், பிறகுதான் டிக்கெட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் பெர்மிட் இல்லாத வெளிநாட்டவர்கள் நீதிமன்றம் ஏறாமல் கொம்பவுன் (வழக்கை முடிக்கும் அபராதம்) கட்டி ஊர் திரும்ப வழிசெய்யும் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2025 மே 19 முதல் 2026 ஏப்ரல் 30 வரை என்று அறிவிக்கப்பட்டது. சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் இது வாய்வழியாகவே பரவுகிறது. வாய்க்கு வாய் தொகையும் ஏறுகிறது.

இந்தத் திட்டத்தில் அனுமதியின்றி நுழைந்தவருக்கும் தவணை கடந்து தங்கியவருக்கும் கொம்பவுன் 500 ரிங்கிட். பாஸ் நிபந்தனையை மீறியவருக்கு 300. நாட்டைவிட்டுப் போவதற்கான சிறப்புப் பாஸுக்கு 20. விமான டிக்கெட் தனி. குடிநுழைவின் பெயரில் இதற்கு மேல் யார் கேட்டாலும் அது அவர் பைக்குத்தான்.

பலர் மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) தொலைந்த தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தியத் தூதரகம் ஒருவழி அவசரச் சான்றிதழ் தர வேண்டும். அதற்குப் போலீஸ் புகார், படம், பழைய கடப்பிதழ் நகல் தேவை. நகலும் இல்லையென்றால் ஆதார், ரேஷன் அட்டையை ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரவழைக்கலாம். ஒன்றுமே இல்லாதவரின் குடியுரிமையை ஊரில் விசாரித்து உறுதிசெய்யும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் டிக்கெட் தேதி போய்விடும், பணமும் போய்விடும். பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். சான்றிதழில் 'முருகன் மாரிமுத்து', டிக்கெட்டில் 'எம். முருகன்' என்றிருந்தால் விமான நிலையத்தில் தகராறுதான். சான்றிதழில் போகிறவர் வேறு நாட்டில் விமானம் மாறாமல் திருச்சிக்கோ சென்னைக்கோ நேராகப் போவதே நல்லது.

பயணப் பத்திரமும் (கடப்பிதழ் அல்லது அவசரச் சான்றிதழ்) டிக்கெட்டும் கையில் வந்த பிறகு குடிநுழைவு அலுவலகத்துக்கு அவரே நேரில் போக வேண்டும். கொம்பவுனை ரொக்கமாக வாங்குவதில்லை. வங்கி அட்டை அல்லது இ-வாலட் வேண்டும். லஞ்சத்தைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெர்மிட்டே இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு எங்கிருந்து வரும்? அந்த இடுக்கில்தான் ஏஜெண்டு நுழைகிறார். அட்டை வைத்திருக்கும் நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துப் போனால், கொம்பவுன், சிறப்புப் பாஸ் தொகைக்கு மேல் ஒரு காசும் போகாது. ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

சம்பள பாக்கியை டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்தபின் தொழிலாளர் இலாகாவில் வழக்கு நடத்துவது மிகக் கடினம். கடப்பிதழைப் பூட்டி வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் ஒன்று: 1966 கடப்பிதழ் சட்டப்படி அது குற்றம். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

2019இல் நடந்த இதேபோன்ற திட்டத்தின் கடைசி வாரங்களில் குடிநுழைவு அலுவலக வாசலில் விடிய விடிய வரிசை நின்றது. இந்த முறையாவது கட்டண விவரத்தைத் தமிழ், வங்காளம், நேபாளி மொழிகளில் அச்சிட்டுத் தோட்ட அலுவலகப் பலகைகளில் இப்போதே ஒட்டும்படி குடிநுழைவுத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

வட்டார வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்