நட் கழன்றதா, ஸ்டட் நீண்டதா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் காரோட்டப் பழகுகிறாள் என்று படித்ததும், நீ அவளுக்கு முதலில் கியர் சொல்லிக் கொடுத்தாயா, பிரேக் சொல்லிக் கொடுத்தாயா என்றுதான் கேட்கத் தோன்றியது. இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. மரையின் விளிம்புகூட இப்போது கண்ணாடி இல்லாமல் தெரிகிறது. வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்கத்தான் முதுகு சம்மதிப்பதில்லை.

கடிதத்தில் பாதிக்கு மேல் உன் காரின் டர்போ, அதாவது எஞ்சின் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கருவி, அதன் புராணம்தான். ட்ராக்கில் சில சுற்று போனதும் உஸ் என்று சத்தம், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) இறங்குகிறது, வந்து பார்த்தால் புகையைச் சேர்த்து அனுப்பும் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவில், ஸ்டட்டில் (தலையில்லாத மரைக் கம்பி) பூட்டிய நான்கு நட்டில் இரண்டு கையாலேயே சுழல்கின்றன. சாலையில் ஓட்டினால் மாதக்கணக்கில் ஒன்றும் ஆவதில்லை. ஸ்பிரிங் வாஷர், துருப்பிடிக்காத எஃகு போல்ட், ஜோடி ஆப்பு வாஷர் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டாய், நட் கழலாமல் தடுக்க அடுத்து எந்தப் பூட்டு வாங்கலாம் என்று கேட்கிறாய். என்னைக் கேட்டால், இப்போதைக்கு எதையும் வாங்காதே. ஒரு வெள்ளைப் பெயின்ட் பேனா போதும்.

அடுத்த முறை இறுக்கியதும் நட்டிலிருந்து ஸ்டட் நுனி, ஃபிளாஞ்ச் (இணைக்கும் தட்டை விளிம்பு) இரண்டையும் தொடுகிற மாதிரி ஒரே நேர்கோடு போடு. சூடு தாங்கும் பெயின்டாக இருக்கட்டும், இல்லையென்றால் கரிந்து போய்விடும். திரும்பி வந்து ஆறவிட்டுப் பார். கோடு உடைந்து நட் நகர்ந்திருந்தால் அது கழன்றிருக்கிறது. கோடு அப்படியே நேராக இருந்தும் இறுக்கம் இல்லையென்றால் நட் கொஞ்சமும் சுழலவில்லை, ஸ்டட் நீண்டுவிட்டது அல்லது நடுவில் இருப்பது ஏதோ அமுங்கிவிட்டது. இரண்டாவதாக இருந்தால் உலகத்தில் இருக்கிற எல்லாப் பூட்டையும் போட்டாலும் பயனில்லை. பூட்டு நட்டைச் சுழலவிடாது, அவ்வளவுதான். போன இறுக்கத்தை அதால் திருப்பிக் கொடுக்க முடியாது. நீ சொல்வதை வைத்துப் பார்த்தால் உன்னுடையது இரண்டாவது ரகம் என்றுதான் எனக்குச் சந்தேகம்.

ஏன் என்று சொல்கிறேன். இறுக்கிய ஸ்டட் இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்ட் மாதிரி. எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவுதான் பிடி. எம்8 (8 மி.மீ. தடிமன்) ஸ்டட்டை எண்ணெய் இல்லாமல் 25 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் சுமார் 15,000 நியூட்டன், அதாவது ஒன்றரை டன் பிடி கிடைக்கும். பெரிய விசைதான். ஆனால் பிடிக்குள் இருக்கும் நீளம் 20 மி.மீ. என்றால் அந்த ஒன்றரை டன்னுக்காக ஸ்டட் நீள்வது வெறும் 40 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. கேஸ்கட் (கசியாமல் நடுவில் வைக்கும் தகடு) 20 மைக்ரான் அமுங்கினால், அல்லது ஃபிளாஞ்சின் சொரசொரப்பு அந்த அளவு நசுங்கினால், நட் ஒரு டிகிரிகூடத் திரும்பாமலே பாதிப் பிடி போய்விட்டது.

இதோடு சூடும் சேர்கிறது. பெட்ரோல் எஞ்சினில் டர்போவின் டர்பைனுக்குள் போகும் வாயு முழு ஆக்சிலரேட்டரில் 900 டிகிரியைத் தாண்டும். சாலையில் அப்படிச் சில நொடிதான் மிதிக்கிறோம். ட்ராக்கில் சுற்றுக்குச் சுற்று மிதித்தபடியே இருக்கிறோம், ஃபிளாஞ்சும் ஸ்டட்டும் உள்ளே வரை காய்ந்துவிடுகின்றன. உன் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை இந்த இடத்தில் வைத்துப் பார். 304 ரக எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 18 மைக்ரான் விரியும், வார்ப்பிரும்பு 13 தான். 600 டிகிரி ஏறினால் 20 மி.மீ. நீளத்தில் இரண்டுக்கும் 60 மைக்ரான் வித்தியாசம். நீ இறுக்கி வைத்ததே 40. அதாவது வண்டி சூடானதும் போல்ட் தானாகவே தொளதொளவென்று ஆகிவிடுகிறது, அந்த நிமிஷத்தில் அதிர்வு தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. பளபளப்பைப் பார்த்து எல்லோரும் வாங்குவது அதைத்தான்!

பலத்தைக் குறிக்கும் எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று 12.9 தர போல்ட்டுக்கும் போகாதே. அந்தப் பலம் பதப்படுத்தலில் வந்தது. ஐஎஸ்ஓ தரப்படி 10.9 போல்ட்டைக் குறைந்தது 425 டிகிரியில் பதப்படுத்துவார்கள், 12.9-இல் ஒரு ரகத்துக்கு அந்த எல்லை 380 தான். அந்தச் சூட்டைத் தாண்டி நீ அதைத் தினமும் காய்ச்சினால் பதம் இறங்கி, இழுத்த இழுப்புக்கு நீண்டுகொண்டே போகும். அப்புறம் நீ ஒவ்வொரு முறையும் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே இருப்பாய், அது மெலிந்துகொண்டே வந்து ஒருநாள் மரைக்குள்ளேயே உடைந்து நிற்கும். அந்த மிச்சத்தைத் துளைத்து எடுக்கும் வேலையை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன். பழைய ஸ்டட்டைக் கழற்றி, புதியதன் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்து பார். நீளம் கூடியிருந்தால் அதை இறுக்காதே, தூக்கிப் போடு.

இந்த இடத்துக்குப் பொருத்தமானது இன்கோனல் 718. நிக்கல் கலவை, 650 டிகிரி வரையிலும் பலம் பெரிதாகக் குறையாது. விரிவதும் 14 மைக்ரானுக்குப் பக்கத்தில், வார்ப்பிரும்போடு ஒத்துப் போகும். விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். ஆனாலும் நீ இதுவரை வாங்கிக் குவித்த வாஷர் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசு. ஒன்று கவனி. மேனிஃபோல்ட் குழாய்களால் பற்றவைத்த துருப்பிடிக்காத எஃகு என்றால் கணக்கு தலைகீழ். அதன் ஃபிளாஞ்ச் ஸ்டட்டைவிட அதிகமாக விரியும், சூட்டில் இறுக்கம் ஏறும். அதனால் குளிரில் எல்லை வரை முறுக்கி வைக்கக் கூடாது.

முடிந்தால் ஸ்டட்டை நீளமாக்கு. ஃபிளாஞ்சுக்கும் நட்டுக்கும் நடுவில் ஒரு தடித்த குழாய்த் துண்டு, அதாவது ஸ்லீவ், வைத்தால் பிடிக்குள் இருக்கும் நீளம் 20-லிருந்து 60 ஆகும். அதே ஒன்றரை டன்னுக்கு இப்போது 120 மைக்ரான் நீளும், கேஸ்கட் 20 அமுங்கினாலும் ஆறில் ஒரு பங்குதான் போகும். நட்டும் சூட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காரும். ஆனால் ஸ்லீவும் வார்ப்பிரும்பு அளவுக்காவது விரிகிற உலோகமாக இருக்க வேண்டும். இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இனி கழலும் ரகம். 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதனை செய்து காட்டியது இது: மேலும் கீழும் இழுப்பதைவிடப் பக்கவாட்டில் வழுக்குவதுதான் நட்டைக் கழற்றும். டர்போவில் அந்த வழுக்கல் சும்மாவே நடக்கிறது. 120 மி.மீ. நீள ஃபிளாஞ்ச் 600 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். மேனிஃபோல்ட் பக்கமும் டர்போ பக்கமும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று உரசியபடிதான் நீள்கின்றன. ஸ்பிரிங் வாஷர் இதை நிறுத்தாது. நாசா 1990-இல் வெளியிட்ட ஃபாஸ்டனர் கையேடு அதை நேராகவே சொல்லிவிட்டது, முழுதாக இறுக்கியதும் அது தட்டையாகிச் சாதா வாஷராகிவிடுகிறது, பூட்டும் திறன் அதற்குக் கிடையாது என்று. நைலான் நட் உருகிப் போகும். சாதாரண சிவப்புத் த்ரெட்லாக்கர் (மரையில் தடவும் பசை) 150 டிகிரிக்கே வலுவிழக்கும். ஜோடி ஆப்பு வாஷர் கொள்கையில் சரியானது, அதன் ஆப்புச் சரிவு மரையின் சரிவைவிடச் செங்குத்து, நட் திரும்பப் பார்த்தால் இறுக்கம் கூடும். ஆனால் சாதா எஃகில் செய்ததென்றால் இந்தச் சூட்டில் பல் மழுங்கும், இன்கோனலில் செய்ததையே கேட்டு வாங்கு. மரையை நசுக்கிச் செய்த முழு உலோக லாக் நட்டும் நல்லதுதான், ஆனால் கழற்றியதைத் திரும்பப் போடாதே.

வாஷரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது டர்போவை எது தாங்குகிறது என்பது. நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. டர்போ, டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை இறங்கும் குழாய்), அதற்குப் பின்னால் தொங்கும் குழாய் எல்லாவற்றின் எடையும் அந்த நான்கு ஸ்டட்டில்தான் என்றால், ஒவ்வொரு மேடும் ட்ராக் ஓரத்துக் கெர்பும் அதை நெம்புகோலாக ஆட்டுகிறது. எஞ்சின் பிளாக்கிலிருந்து டர்போவுக்கு ஒரு தாங்கு கம்பி கொடு. வண்டியின் பாடியிலிருந்து கொடுக்காதே, எஞ்சின் தன் மவுண்ட்டில் ஆடும்போது இன்னும் மோசமாகும். டவுன்பைப்பில் வளையும் பெல்லோஸ் (மடிப்புக் குழாய்) இருக்கிறதா பார். மாட்டும்போது டர்போ ஸ்டட்டை முதலில் இறுக்கு, தாங்கு கம்பியைக் கடைசியில், அது எதையும் இழுக்காமல் தானாகப் போய் உட்காரும் நிலையில் இறுக்கு.

சில்லறை விஷயங்கள்: ஃபிளாஞ்சின் மேல் நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார், வளைந்திருந்தால் தேய்த்துச் சமன் செய். கேஸ்கட் பல அடுக்கு எஃகாக இருக்கட்டும், மெத்தென்று இருப்பது வேண்டாம். மரைக்கு நிக்கல் ஆன்டி-சீஸ் (மரை சிக்கிக்கொள்ளாமல் காக்கும் களிம்பு) தடவு, ஆனால் தடவினால் அதே முறுக்குக்குப் பிடி மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடும், முறுக்கு அளவைக் குறைத்துக்கொள். முதல் சூட்டுக்குப் பிறகு நன்றாக ஆறிய நிலையில் ஒருமுறை மட்டும் டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளக்கும் ஸ்பேனர்) வைத்துப் பார். அப்புறம் டர்போவுக்கு வெப்பத் தடுப்புப் போர்வை போர்த்தியிருக்கிறாயே, அது ஸ்டட்டை மூடுகிறதா? மூடினால் அந்த இடத்தை வெட்டி விடு, சூடு வெளியேற வழியில்லாமல் ஸ்டட்டிலேயே தங்குகிறது.

ஃபிளாஞ்சின் தடிமன், ஸ்டட்டின் முழு நீளம், நட்டுக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறது, மேனிஃபோல்ட் வார்ப்பா பற்றவைத்ததா, இந்த நான்கையும் எழுதி அனுப்பு. ஸ்லீவ் எவ்வளவு நீளத்துக்குக் கடைய வேண்டும் என்று சொல்கிறேன். பெயின்ட் கோடு என்ன சொன்னது என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி