காட்டுப்பன்றிக்குக் கண்ணி வேண்டாம். ஆணையை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடலாம் என்ற தமிழக அரசின் முடிவை உயிர்வதை என்று ஒரு சாராரும், விவசாயிக்கு இது போதாது என்று இன்னொரு சாராரும் பேசி வருகிறார்கள். விளாத்திகுளம் வட்டத்தில் எட்டு ஏக்கர் கரிசலில் மானாவாரியாக மக்காச்சோளமும் உளுந்தும் விதைக்கிறவன் என்ற முறையில், இந்த இரு சாராரும் பேசாமல் விடும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இங்கே பன்றிகள் ஏற்கெனவே கொல்லப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கொல்லப்படும் விதம்தான் யார் கண்ணுக்கும் படுவதில்லை.

கதிர் பால் பிடிக்கும் பருவத்தில்தான் பன்றி இறங்கும். ஒரு கதிரை முழுதாகத் தின்று முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வழக்கம் அதற்குக் கிடையாது. தட்டையை உடம்பால் தள்ளிச் சாய்த்து, கதிரில் இரண்டு கடி கடித்துவிட்டு, பக்கத்துத் தட்டைக்குப் போய்விடும். தாயும் குட்டிகளுமாக ஒரு கூட்டம் வந்துபோனால், விடியும்போது பிஞ்சை பாய் விரித்தது போலக் கிடக்கும். இதைத் தடுக்க நாங்கள் செய்யாதது ஒன்றுமில்லை. வீட்டுப் பெண்களின் பழைய சேலைகளை நாலு பக்கமும் கட்டினோம். முடிதிருத்தகத்திலிருந்து தலைமுடியை மூட்டையாக வாங்கிவந்து வரப்பெல்லாம் தூவினோம். ஒலிபெருக்கியில் நாய் குரைப்பதைப் பதிவு செய்து இரவெல்லாம் ஓடவிட்டோம். பன்றி நாலைந்து நாள் தயங்கும், பிறகு சேலைக்கு அடியில் நுழைந்து வரும். உழவுக்கூலி, விதை, உரம், படைப்புழுவுக்கு மருந்து என்று கடன் வாங்கிப் போட்டவன் இதற்குப் பிறகு என்ன செய்வான்?

அவன் செய்வதை ஒரு மார்கழிக் காலையில் நேரில் பார்த்தேன். ஓடைக்கரைச் சீமைக்கருவேலத்துக்குள்ளிருந்து உறுமல் கேட்டுப் போனேன். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் வயரில் செய்த சுருக்கு ஒரு பெட்டைப் பன்றியின் இடுப்பில் விழுந்து இறுகியிருந்தது. கம்பி எட்டிய தூரம் வரை வட்டமாக மண்ணைக் கிளறியிருந்ததைப் பார்த்தால் இரண்டு நாளாவது அங்கே கிடந்திருக்க வேண்டும். தோல் கிழிந்து கம்பி சதைக்குள் போயிருந்தது. என்னைக் கண்டதும் எழ முயன்று முன்னங்காலில் மட்டும் எழுந்தது. அவிழ்த்துவிட நெருங்கவும் முடியவில்லை, விட்டுவிட்டுத் திரும்பவும் மனம் வரவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அந்தக் கூட்டம் என் பிஞ்சையில் கால் பங்கை அழித்திருந்தது. ஆனாலும் அந்தப் பார்வைக்கு முன் என் நஷ்டக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கண்ணிக்கு அடுத்தபடி அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி; கடித்த விலங்கின் தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் பல நாள் அலைந்து சாகும். அதற்கும் அடுத்தபடி மின்கம்பி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பயிர்க் காவலுக்கென்று சட்டவிரோதமாக இழுத்திருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் அனாதையாக நின்றன. கண்ணிக்கும் மின்சாரத்துக்கும் பன்றி எது, யானை எது, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதன் எவன் என்று தெரியாது. இவற்றோடு ஒப்பிட்டால், பயிற்சி பெற்றவர் குறிபார்த்துச் சுடும் ஒரு குண்டு கருணைக்கு நெருக்கமானது என்பதே என் கருத்து. கொல்வதில் மகிழ்ச்சி கொள்கிறவன்தான் வேட்டைக்காரன். வேறு வழியில்லாமல், வலி குறைவாக, கணக்கு வைத்து, பொறுப்பேற்றுச் செய்வதை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனமில்லை.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நிற்கும் பயிருக்கு ஆபத்து என்றால் அதைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரத்தைப் பிரிவு 11 தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அளிக்கிறது. இதன்படிதான் 2025 ஜனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டப்பேரவையில் அறிவித்தார்: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது; ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; அதற்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். இந்தப் பகுப்பை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். காட்டுக்குள் பன்றி புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை. அங்கே கைவைப்பது தவறு. எங்கள் கரிசலிலோ புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. என் தகப்பனார் காலத்தில் இரவெல்லாம் ஊளையிட்ட நரிகளும் இன்று இல்லை. பன்றிக்குட்டிகளைத் தூக்கிப்போக அந்த நரியாவது இருந்தது. நான்கு மாதத்துக்குள் ஈன்றுவிடும், ஓர் ஈற்றில் நாலைந்து குட்டி போடும் விலங்கு, கட்டுப்படுத்த எதுவும் இல்லாத நிலத்தில் பெருகத்தான் செய்யும்.

ஆனால் ஆணை காகிதத்தில் இருக்கிறது, கண்ணி ஓடைக்கரையில் இருக்கிறது. சுடுவதா என்று முடிவு செய்ய கிராம நிர்வாக அலுவலர், வனத்துறைப் பணியாளர், ஊராட்சித் தலைவர் ஆகியோர் கொண்ட குழு என்றார்கள். அறிவிப்பு வந்த அதே மாதம் 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போய்விட்டது. தலைவர் இல்லாத ஊரில் குழுவை யார் கூட்டுவது? நான் மனு கொடுத்த அலுவலகத்தில் வேறோர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள்; அங்கே போனால் முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் கதிர் முற்றி அறுவடையே முடிந்துவிட்டது. பயிர் பால் பிடித்து நிற்கும் நாள்கள் கொஞ்சம்தான். மனு கொடுத்த ஒரு வாரத்துக்குள் முடிவு வராவிட்டால் விவசாயி மறுபடியும் கிளட்ச் வயரைத்தான் தேடுவான்.

கேரளத்தில் 2022-இல் செய்தது போல உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களிடமும் இந்த வேலையைக் கொடுக்கலாம் என்று எங்கள் சங்கக் கூட்டத்திலேயே சிலர் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பன்றிக்கறிக்கு விலை உண்டு. விலை உள்ள இடத்தில் பயிர்க் காவல் சீக்கிரமே கறி வியாபாரமாகிவிடும், பிறகு முயலும் மானும் தப்பாது. சுட்ட பன்றியை யாருக்கும் கொடுக்காமல் வனத்துறையே புதைக்க வேண்டும். எங்கே, எந்த நாளில், எத்தனை, அவற்றில் பெட்டை எத்தனை என்று ஊரறியப் பதிவேடு வைக்க வேண்டும். பால் குடிக்கும் குட்டிகளோடு திரியும் தாயைச் சுடக் கூடாது என்ற கட்டுப்பாடும் வேண்டும். பீகாரின் மொகாமாவில் 2016-இல் வெளியூரிலிருந்து துப்பாக்கிக்காரர்களை வரவழைத்து, சில நாள்களில் பயிரை மேயும் நீலான் (நீல்காய்) என்ற மானினத்தில் 200-க்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுக் குவித்தார்கள். அப்படி ஒரு காட்சியை என் பெயரைச் சொல்லி யாரும் நடத்த வேண்டாம்.

சுடுவதால் மட்டும் தீராது என்பதும் எங்களுக்குத் தெரியும். பகலில் பன்றி படுக்கிற இடம் கண்மாயையும் ஓடையையும் மூடிக் கிடக்கும் சீமைக்கருவேலம்தான். அதை அகற்ற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-லேயே உத்தரவிட்டது. வெட்டிய இடத்தில் வேரைத் தோண்டாமல் விட்டதால் எங்கள் ஓடையில் அது முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்து நிற்கிறது.

வரும் புரட்டாசியில் மறுபடி விதைப்போம். அதற்குள் ஊராட்சித் தலைவர் இல்லாத ஊர்களில் அந்தக் குழுவில் அவருக்குப் பதிலாக யார் அமர்வார், மனுவை எந்த அலுவலகம் வாங்கிக்கொள்ளும், எத்தனை நாளில் பதில் தரும் என்ற மூன்றையும் மாவட்ட ஆட்சியர் எழுத்தில் வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஓடைக்கரைகளில் இப்போதே கட்டிக்கிடக்கும் சுருக்குகளை அகற்ற வனத்துறையினர் வருவார்கள் என்றால், இடங்களைக் காட்ட நானே உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.