மேல்மண் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மரமும் புல்லும் கலந்த சவன்னா நிலத்தில் அவை பரவிய விதத்தை மண்ணின் கார்பன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட கார்பன் அணு) வரைபடம் காட்டிவிடும் என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. காட்டும். ஆனால் மேல் 10 செ.மீ. மண்ணை மட்டும் எடுத்தால், மரம் புல்வெளிக்குள் நுழைகிறதா, காடு புல்லுக்கு இடம் விடுகிறதா என்று பிரித்தறிய முடியாது.

ஒளிச்சேர்க்கையில் கார்பனைப் பிடிக்கும் முறையைக் கொண்டு தாவரங்களை சி3, சி4 என்று பிரிப்பார்கள். மரங்களும் புதர்களும் சி3 வகை. அவற்றின் டெல்டா கார்பன்-13 மதிப்பு (கனமான கார்பன்-13-இன் விகிதம் ஒரு பொதுத் தரத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) ஆயிரத்துக்கு மைனஸ் 27-ஐ ஒட்டியிருக்கும். வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை சி4; மைனஸ் 12 அளவில் நிற்கும். மண் மைனஸ் 19.5 காட்டினால் இரண்டும் சரிபாதி என்பது எளிய கணக்கு. கலந்த மண்ணில் சி4 கார்பன் வேகமாகச் சிதைவதால், புல்லின் பங்கை இக்கணக்கு குறைத்தே சொல்லும்.

அமெரிக்காவில் தென் டெக்சாஸின் லா கோப்பிட்டா ஆய்வுப் பகுதி நல்ல சான்று. நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் பேரினத்தைச் சேர்ந்த மெஸ்கிட் அங்கே தோப்பு தோப்பாக நிற்கிறது. தோப்பின் மேல்மண் சி3 பக்கம் சாய்கிறது. தோண்டத் தோண்டப் பழைய சி4 புல்லின் தடம் தெரிகிறது. நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும்போதும் மதிப்பு புல்லை நோக்கி ஏறுகிறது. புல்வெளியாக இருந்த இடத்தில் தோப்பு நடுவில் தொடங்கி வெளியே விரிந்திருக்கிறது என்பதை இந்த இரண்டும் சேர்ந்துதான் சொல்கின்றன.

ஆழத்தைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். என்றும் காடாகவே இருந்த இடத்திலும் கீழே போகப் போக மதிப்பு 1 முதல் 3 வரை கூடும். நுண்ணுயிர்ச் சிதைவு ஒரு காரணம். புதைபடிவ எரிபொருள் புகையால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் மதிப்பே மைனஸ் 6.5-லிருந்து மைனஸ் 8.5 அளவுக்கு இறங்கியது இன்னொன்று. 3-க்குக் குறைவான மாற்றத்தைத் தாவர மாற்றம் என்று எழுதுவது அவசரம்.

ஒரு மீட்டர் குழி வெட்டி, சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அடியிலிருந்து மேலாக மண் எடுக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் உதிரும் மண் கீழ் அடுக்கில் கலந்துவிடும். 60 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, மெல்லிய வேர்களையும் பொறுக்கி எடுக்க வேண்டும். அவை இன்றைய செடியின் கார்பன். பிறகு ஒரு துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. 1 நார்மல் செறிவுள்ள அமிலத்தில் நுரை அடங்கும்வரை வைத்து, அமிலம் போகக் கழுவி, மறுபடி உலர்த்திய பிறகே பொடியாக்கி அளக்க வேண்டும். சுக்கான்கல் கலந்த மண்ணில் இதைத் தவிர்த்தால் காடுகூடப் புல்வெளியாகத் தெரியும், ஏனெனில் சுண்ணாம்பின் மதிப்பு பெரும்பாலும் சி4 புல்லைவிடவும் மேலே இருக்கும்.

100 மீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்தால் சில மீட்டர் அகல மரநிழல் வரைபடத்தில் விழாது. பாதி மாதிரிகளை மரத்தடியிலும் பாதியை வெட்டவெளியிலும் எடுப்பது நல்லது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் நீலகிரியில் சி4 புல் ஓங்கியிருந்ததை அங்குள்ள சதுப்புகளின் பீட் மண்ணிலிருந்து (முழுதாக மட்காத தாவரப் படிவு) கண்டறிந்த ஆய்வு, 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. அந்தப் புல்வெளிகளை வெறும் நிலமாக எண்ணி வாட்டிலும் யூகலிப்டஸும் நட்டதன் கேட்டை இன்றும் பார்க்கிறோம். புல்வெளியில் மரம் நடத் திட்டமிடுவோர், நாற்றுக்குழிக்கு முன் மண் பார்க்க ஒரு மீட்டர் குழி ஒன்றை வெட்டட்டும்.

— மண்ணியல் துறை வாசகர், கோயம்புத்தூர்