எவர்சில்வருக்கா இவ்வளவு?

அன்புள்ள சங்கரா,

தினமும் கட்ட, கையசைவிலேயே சாவி ஏறும் ஒரு நல்ல ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் வாங்கலாமா என்று நீ கேட்ட கடிதம் வந்தபோது, நான் அந்தக் காரியத்தை முடித்தே விட்டிருந்தேன். ஒமேகா அக்வா டெர்ரா, 38 மில்லிமீட்டர், செயினும் ஸ்டீல்தான். விலையை எழுத மாட்டேன்; உன் வீட்டிலும் இதைப் படிப்பார்கள். என் வீட்டில் கிடைத்த பாராட்டை மட்டும் சொல்கிறேன்: "எவர்சில்வருக்கா இவ்வளவு?"

இது ஸ்டீலில் 316எல் ரகம், மாலிப்டினம் என்ற உலோகம் கலந்தது, வியர்வை உப்பு எளிதில் அரிக்காது என்று விளக்கினேன். "சாம்பாரில் உப்பு இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

என் பழைய ஆட்டோமேட்டிக் நினைவிருக்கிறதா? ஓர் இரவு ஒலிபெருக்கி மேல் வைத்ததில் காந்தம் ஏறி, தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருளின் சுற்றுகள் ஒட்டிக்கொள்வதால் வரும் வினை. இந்த ஒமேகா 15,000 காஸ் வரை காந்தப் புலத்தைத் தாங்கும். 150 மீட்டர் ஆழத்து நீரையும் தாங்குமாம். நான் இறங்கும் ஆழம் குளியலறை வாளியோடு சரி.

டியூடர் பிளாக் பே ஐம்பத்தெட்டையும் கட்டிப் பார்த்தேன். கழற்றி வைத்தால் அது 70 மணி நேரம் ஓடும், இது 55. வெள்ளி மாலை ஏழுக்குக் கழற்றினால் திங்கள் அதிகாலை இரண்டுக்கு நின்றுவிடும். சனி, ஞாயிறு வெறுங்கையோடு திரியும் உனக்கு டியூடர்தான் சரி. டயலைச் சுற்றித் திருகும் அந்த வளையம் எனக்கு முக்குளிப்பவன் வேஷம்போல் இருந்தது.

நாளுக்கு 0 முதல் 5 நொடி வரை முந்தலாம் என்பது ஒமேகாவின் சான்றிதழ். என்னுடையது இரண்டு நொடி, அதாவது மாதம் ஒரு நிமிடம். பேட்டரியில் ஓடும் மகளின் குவார்ட்ஸ் கடிகாரம் இதைவிட ஒழுங்கு. அதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

நான்காம் நாளே கிரில் கதவில் உரசிக் கொக்கியில் கீறல். அன்றிரவு சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து காய்கறிப் பை தூக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

விடுதியில் உன் ஹெச்எம்டியை இரவல் வாங்கிப் பரீட்சைக்குப் போனேனே, நீ சாவி கொடுக்க மறந்து அது பத்தே காலில் நின்றதே! பொங்கலுக்கு வரும்போது இதைக் கட்டிப் பார். கையை ஆட்டினால் போதும்.

உன்,
ரகு