கழிவு ஒயிலை டீசலில் கலப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் தொற்றிய பழக்கம் சிலரை இன்னும் விடவில்லை. கழற்றிய எஞ்சின் ஒயிலைத் துணியில் வடித்து டீசலோடு கலந்து ஓடலாம் என்று வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் இன்றும் சொல்கிறார்கள்.

துணி மணலைப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒயிலைக் கறுப்பாக்கும் கரித்தூள் ஒரு மைக்ரோனிலும் சிறியது. நல்ல பில்டரையே தாண்டிவிடும். பரலில் பல நாள் அசையாமல் தெளியவிட்டு, மேலாக எடுத்து, சூடாக்கி வடித்தாலும் அதில் கரைந்துள்ள துத்தநாகமும் கல்சியமும் போகாது. எரிந்து சாம்பலாகி வால்விலும் இன்ஜெக்டர் முனையிலும் படியும். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, சூடான தட்டில் இரண்டு சொட்டு விட்டால் போதும்; படபடவென்று வெடித்தால் இருக்கிறது. பழைய எஞ்சின் கொஞ்சக் காலம் பொறுத்துக்கொள்ளும். டீசலை மிக உயர் அழுத்தத்தில் பீச்சும் கொமன் ரெயில் எஞ்சின் உள்ள வான்காரர்கள் தயவுசெய்து கிட்டவும் போகவேண்டாம், பம்பின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

சரி, வடித்தபின் மிஞ்சும் மண்டி எங்கே போகிறது? பெரும்பாலும் வடிகானுக்குள். சுமார் 1,450 பாகையில் எரியும் சீமெந்துச் சூளைகளில் கழிவு ஒயிலை எரிபொருளாக்கலாம். மாநகர சபை கராஜ்களுக்குப் பரல் கொடுத்து, மாதம் ஒருமுறை லொறி அனுப்பிச் சேகரித்தால் என்ன?

வாசகர்,
மருதானை, கொழும்பு 10